முக்கூர்த்தியின் ஈரப் புல்வெளியும் அங்கே வளரும் செடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி என்றதும் தேயிலையும் பைன் மரமும்தான் பலருக்கு நினைவு வருகிறது. அந்த மலையின் பழைய உடம்பு புல்லும் சோலையும் சதுப்பும். அது பெரிய அளவில் மிஞ்சியிருக்கும் இடங்களில் முக்கூர்த்தி தேசியப் பூங்கா முக்கியமானது. அதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முக்கூர்த்தி எங்கே இருக்கிறது?

நீலகிரி பீடபூமியின் மேற்கு விளிம்பில், கேரள எல்லையை ஒட்டி. ஊட்டியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். தெற்கே சைலன்ட் வேலி தேசியப் பூங்கா. 1982இல் வரையாடுகளைக் காப்பதற்காகச் சரணாலயமாக அறிவித்தார்கள். 1990இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். 1986இல் உருவான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதி. 2012இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலை இடங்களிலும் இது உண்டு. முக்கூர்த்தி சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். பூங்காவுக்குள் இருக்கும் கோலாரிபெட்டா அதைவிடவும் உயரம். ஆக, சட்டப்படி எவ்வளவு பாதுகாப்பு கிடைக்குமோ அவ்வளவும் இந்த இடத்துக்குக் கிடைத்திருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் கவலைப்பட வேண்டியிருக்கிறது என்பது கீழே வரும்.

மலை முழுக்க மொட்டையாக இருக்கிறதே, மரங்களை வெட்டிவிட்டார்களா?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகமாகத் தீங்கு செய்த தவறான எண்ணமும் இதுதான்.

2,000 மீட்டருக்கு மேலே இந்த மலையில் இரண்டு வகைப் பசுமை அருகருகே இருக்கும். மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைக் காடு. முகடுகளிலும் திறந்த சரிவுகளிலும் புல். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை, கோடு போட்டு வைத்தது மாதிரி தெளிவாகத் தெரியும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழாமல் இல்லை. விழுந்து முளைத்தாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் உறைபனி அந்த நாற்றைக் கருக்கிவிடும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால், சில தாழ்வான இடங்களில் முகட்டைவிட உறைபனி கடுமையாக இருக்கும். அதே பள்ளத்தில் மழைக்காலம் முழுக்க நீர் தேங்கி வேர்களுக்குக் காற்றே கிடைக்காது. இவற்றோடு மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, கோடையில் தீ, மேய்ச்சல் எல்லாம் சேர்கின்றன. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் புல்வெளி மனிதன் காட்டை அழித்து உண்டாக்கியது என்ற பழைய கருத்து இப்போது நிற்கவில்லை.

அதற்கு ஆதாரம் என்ன?

ஆதாரம் சதுப்புக்குள்ளேயே இருக்கிறது. பள்ளத்தில் தேங்கிய நீரில் செத்த புல்லும் கோரையும் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கறுப்பு மண்ணாகிவிடும். பீட் என்று சொல்வது இதைத்தான். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. புல் வகைகளில் வறண்ட, வெப்பமான சூழலுக்கு ஏற்றவை ஒரு முறையிலும், குளிர்ந்த ஈரச் சூழலின் புற்களும் மரங்களும் இன்னொரு முறையிலும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. அதனால் அவற்றில் சேரும் கார்பன் ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகளின்) விகிதம் மாறும். செடி செத்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆனாலும் அந்த விகிதம் பீட்டில் அப்படியே இருக்கும்.

நீலகிரி பீட்டை இந்த முறையில் ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமார் உள்ளிட்டோர் 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடைசிப் பனி யுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் பரவியிருந்தது அதில் தெரிந்தது. அப்போது காலநிலை வறண்டிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது ஈரச் சூழலின் தாவரங்கள் பெருகின. மலையில் யாரும் காடு திருத்தி விவசாயம் செய்வதற்கு வெகு காலம் முன்பே நடந்தவை இவை. மலையின் வரலாற்றுப் பதிவேடு அந்தக் கறுப்பு மண்தான். வடிகால் வெட்டிச் சதுப்பைக் காயவிட்டால் மண்ணோடு அந்தப் பதிவும் அழியும்.

ஈரப் புல்வெளி என்றால் எப்போதும் தண்ணீர் நிற்குமா?

எல்லா இடத்திலும் நிற்காது. மேற்கு விளிம்பில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டிக்கூட மழை பெய்யும். கிழக்கே போகப் போகக் குறையும். பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இவ்வளவு மழையில் முகட்டில் விழுவது புல் வேர்களுக்குள் இறங்கும். சரிவின் நடுவே பாறைத் தட்டுகளில் அது கசிந்து வெளிவரும். அடிவாரப் பள்ளத்தில் சதுப்பாகத் தேங்கும். இந்த மூன்று இடத்திலும் மூன்று விதமான செடிக் கூட்டம். தூரத்திலிருந்து ஒரே பச்சையாகத் தெரிவதைக் குனிந்து பார்த்தால் பத்தடிக்குள் செடிகள் மாறிவிடும்.

அங்கே என்னென்ன புற்கள் உண்டு?

சரிவுகளில் கிரைசோபோகன், அருண்டினெல்லா, யூலாலியா, ஆண்ட்ரோபோகன் இனங்கள் தூர் தூராக நிற்கும். தூர்களுக்கு இடையே சின்னப் பூச்செடிகள். தட்டையாக வெட்டிய புல்தரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல புற்களுக்குத் தமிழில் வழக்கமான பெயர் கிடையாது, அதனால் அறிவியல் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தாழ்ந்த இடங்களில் புல்லோடு கோரை இனங்களும் கலந்துவிடும். கோரையின் தண்டை விரலால் உருட்டினால் பெரும்பாலும் மூன்று பட்டை தெரியும். புல் உருண்டையாக, கணுவோடு இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த ஒன்றில் தொடங்கலாம்.

சதுப்புக்குள் என்ன வளரும்?

எனக்கு இந்த மலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது எரியோகாலான். தரையோடு ஒட்டிய இலைக்கொத்திலிருந்து மெல்லிய தண்டுகள் நேராக எழும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை உருண்டை. அந்த உருண்டை ஒரு பூ அல்ல, நூற்றுக்கணக்கான மிகச் சிறு பூக்களின் தொகுப்பு. மழை முடியும் சமயத்தில் சதுப்பு முழுக்க இவை வெளுத்துக் கிடக்கும். அவற்றோடு மஞ்சள் பூ விடும் சைரிஸ்.

அடுத்து, பூச்சி பிடிக்கும் செடிகள். பள்ளிப் பாடத்தில் படித்த ட்ரோசீராவும் யூட்ரிகுலேரியாவும் இங்கே காலடியில் இருக்கின்றன. காரணம் மண்தான். இவ்வளவு மழை பெய்தால் நைட்ரஜன் உள்ளிட்ட சத்துகள் அடித்துக்கொண்டு போய்விடும். மட்காத மண் அமிலத் தன்மையோடு இருக்கும், அதிலிருந்தும் சத்து எளிதில் கிடைக்காது. வேர் தராததைப் பூச்சி தருகிறது. ட்ரோசீரா பெல்டேட்டா ஒரு சிறு செடி. பிறை வடிவ இலைகளின் விளிம்பில் பசைத்துளிகள் மின்னும். உட்கார்ந்த சின்னக் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும், இலை மெல்ல அதை வளைத்துக்கொள்ளும். வறண்ட மாதங்களில் மேலே உள்ள செடி காய்ந்துபோய், மண்ணுக்குள் சிறு கிழங்காகக் காத்திருக்கும். யூட்ரிகுலேரியா வேலை செய்வது தரைக்கடியில். ஊதா நிறத்தில் அழகான பூ மட்டும் வெளியே தெரியும். ஈர மண்ணுக்குள் கடுகைவிடச் சிறிய பைகள் நீரில் நீந்தும் நுண்ணுயிர்களை உறிஞ்சி இழுத்துவிடும்.

கசிவு உள்ள இடங்களில் காசித்தும்பை இனங்கள், வெள்ளை இதழ் ஓரம் நூல் நூலாகப் பிரிந்த பர்னாசியா, நீலச் சிறு ஜென்ஷியன் ஆகியவையும் பூக்கும். இவற்றில் பெரும்பாலானவை முழங்கால் உயரம் வராது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத பள்ளமாகத்தான் தெரியும்.

தோடர்கள் கோயில் வேயும் புல் இங்கே கிடைப்பதுதானா?

ஆமாம், அது ஒரு சதுப்புப் புல். எரியோகிரைசிஸ் ரங்காசாரி என்பது அறிவியல் பெயர்; சென்னை மாகாணத் தாவரவியலாளர் ரங்காச்சாரியின் பெயரால் வைத்தது. உலகத்தில் நீலகிரியின் உயர்ந்த சதுப்புகளில்தான் இது வளர்கிறது.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களுக்கு எருமைப் பாலும் மோரும் புனிதம். அந்தப் பாலைக் கையாளும் இடமே அவர்கள் கோயில். பிரம்பை வளைத்துக் கட்டிய பீப்பாய் வடிவக் கூரைக்கு இந்தப் புல்லைத்தான் வேய்வார்கள். மழையும் மூடுபனியும் ஓயாத ஊரில் அழுகாமல் தாக்குப்பிடிக்கும் புல் வேண்டும் அல்லவா? கூரை பழசானால் மந்து என்ற தோடர் ஊரைச் சேர்ந்தவர்கள் முறைப்படி கூடிப் புல் சேகரித்து மறுபடி வேய்வார்கள். அந்த வேலையே ஒரு சடங்கு.

இப்போது அந்தப் புல்லுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஊட்டியைச் சுற்றியிருந்த சதுப்புகளில் பல உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களாகிவிட்டன. பலவற்றின் ஓரத்தில் மரம் நட்டார்கள், ஈரம் வற்றியது. பூங்காவுக்குள் இருக்கும் சதுப்புகள் தப்பித்தன. ஒரு புல் அருகிப்போவதை யாரும் செய்தியாக்குவதில்லை. ஆனால் இந்தப் புல் போனால் ஒரு சமூகம் தன் கோயிலைத் தன் முறைப்படி கட்ட முடியாமல் போகும். முக்கூர்த்தி சிகரமும் தோடர்களுக்குச் சாதாரண மலை அல்ல. இறந்த மனிதரின் உயிரும் எருமையின் உயிரும் அந்த வழியாகத்தான் மறுஉலகம் போகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை.

எந்த மாதத்தில் எந்தப் பூ?

மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை விழுந்ததும் கிழங்குச் செடிகள் தலைகாட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் தரை ஆர்க்கிட்கள்: இளஞ்சிவப்புக் கதிர் விடும் சாட்டிரியம், ஹபனேரியா இனங்கள். அதே சமயம் நீலகிரி லில்லி. நீண்ட குழலோடு வெள்ளை வெளேரென்று புல் நடுவே நிற்கும். தென்னிந்தியாவில் தானாக வளரும் அசல் லில்லி இது ஒன்றுதான். அக்டோபர் முதல் சதுப்பில் எரியோகாலான். குளிர் மாதங்களில் புல் பழுப்பாகும்போது காட்டுப் பூவரசு சிவக்கும்.

குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்?

ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற நீலக்குறிஞ்சி நீலகிரியில் 2006இலும் 2018இலும் பெருமளவில் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. நடுவில் அங்கங்கே சில செடிகள் பூக்கும், வேறு கால அளவு கொண்ட குறிஞ்சி இனங்களும் உண்டு. அதனால்தான் 'குறிஞ்சி பூத்தது' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பூத்து விதைத்ததும் செடி செத்துவிடும். விதை விழுவதற்குள் பறித்தால் அடுத்த தலைமுறை குறையும். இப்போது இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ள செடி, பறிப்பது குற்றம்.

மரம் வளராது என்றீர்கள். புல்வெளி நடுவே சிவப்புப் பூ மரம் நிற்கிறதே?

அதுதான் காட்டுப் பூவரசு. ரோடோடெண்ட்ரான் ஆர்போரியத்தின் நீலகிரி வகை. இமயமலையில் காணும் மரத்தின் உறவு. நடுவில் உள்ள இந்தியச் சமவெளியில் எங்கும் கிடையாது. முறுக்கிய தண்டில் தடித்த பட்டை இருப்பதால் புல் தீயைத் தாங்கும், கெட்டி இலை உறைபனியைத் தாங்கும். புல்வெளியில் தனித்து நிற்கக்கூடிய மரம் என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். சோலை ஓரங்களில் தவிட்டுப்பழம், ஊசிக்கலா, தைலம் எடுக்கும் கோல்தேரியா போன்ற புதர்களும் உண்டு.

இந்தப் புல்லுக்கும் சமவெளித் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

ஈரோட்டுக்காரர்களும் கோபிக்காரர்களும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. பவானி இந்தப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது. அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் போய்த் திரும்பி மேட்டுப்பாளையம் வருகிறது. பைக்காரா ஆறு மாயாறாகி பவானிசாகரில் சேர்கிறது. முக்கூர்த்தி, பைக்காரா, அவலாஞ்சி, மேல் பவானி என்று மின்வாரிய அணைகள் வரிசையாக இந்தப் புல்வெளிகளைச் சுற்றி இருப்பதும் இதனால்தான்.

புல் தூரும் பீட்டும் மழையை உள்வாங்கி மழை நின்ற பிறகும் மெல்ல விடுகின்றன. புல் குறைவாகவே நீரைச் செலவழிக்கும். நீலகிரியில் உள்ள கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு அளந்தார்கள். மரம் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்ற பேச்சு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு நம் மலையிலேயே கிடைத்த கணக்கு இது.

சீகை மரம், கற்பூர மரம் எல்லாம் மரம்தானே, அதில் என்ன கெடுதல்?

ஆங்கிலேய ஆட்சியில் புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று எழுதி வைத்தார்கள். விறகுக்கும் மரத்துக்கும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் வாட்டில் எனப்படும் சீகையையும் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தத் தோட்டங்கள் இன்னும் பெருகின. சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் ரேயான் கூழுக்கு. பத்து மரம் வைத்த கதை அல்ல இது, மலை மலையாக நட்டார்கள். முக்கூர்த்தியின் உள்ளேயும் சீகை நட்ட பகுதிகள் உண்டு.

கற்பூர மரம் பெரும்பாலும் நட்ட இடத்திலேயே நிற்கும். சீகை அப்படி இருக்காது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினாலோ தீப்பிடித்தாலோ வெளிச்சமும் சூடும் பட்டு, கொத்துக் கொத்தாக முளைத்து வரும். அவரைக் குடும்பம் என்பதால் வேரில் நைட்ரஜனைச் சேர்க்கும். மற்ற இடத்தில் அது நல்லது. சத்தில்லாத மண்ணுக்கென்றே பழகிய ட்ரோசீராவுக்கும் மலைப் புல்லுக்கும் அது கேடு. நிழலும் விழுந்தால் புல் அடியோடு போய்விடும். அழகுக்காகக் கொண்டுவந்த மஞ்சள் பூப் புதர்களான ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் இரண்டும் தங்கள் பங்குக்குப் பரவுகின்றன. பழனி மலையில் 1973 தொடங்கி நாற்பது ஆண்டுக் கால செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத் தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் மாறியிருந்தது. முக்கூர்த்தி அந்த நிலைக்குப் போகவில்லை என்றால் தேசியப் பூங்கா என்ற வேலி ஒரு காரணம். விதைக்கு அந்த வேலி தெரியாது என்பதுதான் கவலை.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

வெட்டுவது வேலையின் தொடக்கம் மட்டுமே. சென்னை உயர் நீதிமன்றம் அயல் தாவரங்களை அகற்றச் சொல்லித் தொடர்ந்து உத்தரவிட்டு வருகிறது. 2022இல் தமிழக அரசு இதற்கென்று ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆனால் சீகையை வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வெறும் மண்ணை மழை அரிக்காமல் இருக்கச் சொந்தப் புல் வகைகளைத் தூர் பிரித்து நட வேண்டும். பல மலைப் புற்கள் விதையிலிருந்து எளிதில் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் தானாகவே வளர்ந்து வருகின்றன. அங்கே அவசரப்பட்டு மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். என் கருத்தில், புல்வெளி இன்னும் மிஞ்சியிருக்கும் ஓரங்களில், சிதறலாக நுழையும் இளஞ்சீகையை முதலில் எடுப்பதே நல்லது. செலவு குறைவு, பலன் அதிகம். நூறு ஆண்டுத் தோப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் குழுவாக வந்து மரக்கன்று நடலாமா?

தயவுசெய்து வேண்டாம். புல்வெளியில் நட்டால் எந்த மரமும் கேடுதான், சோலை மரமாகவே இருந்தாலும். அந்த ஆர்வத்தைச் சீகை நாற்று பிடுங்கும் வேலைக்கு, வனத்துறை ஏற்பாடு செய்யும்போது கொடுங்கள்.

எருமை மேய்ந்தால் புல்வெளி கெடுமா?

தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்குச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் தோடர் எருமைகள் பல நூற்றாண்டுகளாக இந்த மலைப் புல்லோடு வாழ்ந்தவை. அளவான மேய்ச்சலும் குளிர் மாதத்தில் போடும் சிறு தீயும் புதர் ஏறாமல் தடுத்தன என்று தோடர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், சீகை விதை கிடக்கும் இடத்தில் தீ வைத்தால் சீகைதான் முளைக்கும். இடத்துக்கு இடம் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது, எல்லாவற்றுக்கும் ஒரே விதி உதவாது.

போய்ப் பார்க்க முடியுமா?

முக்கூர்த்தி பொதுச் சுற்றுலாவுக்குத் திறந்த இடம் அல்ல. வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவலாஞ்சியில் வனத்துறை வாகனத்தில் போகும் சூழல் சுற்றுலாவில் சோலையும் புல்வெளியும் பார்க்கலாம். ஊட்டி-கூடலூர் சாலையோரம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியின் மிச்சம் இருக்கிறது. சதுப்பு தெரிந்தால் ஓரத்தில் நின்று பாருங்கள், உள்ளே இறங்க வேண்டாம். பீட்டில் ஒரு காலடிப் பள்ளம் விழுந்தால் நீர் போகும் வழியே மாறும். நிறையப் பேர் மிதித்தால் அதுவே வாய்க்காலாகிவிடும்.

பார்த்த செடியின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? பறித்துக்கொண்டு வந்து காட்டலாமா?

பூங்காவுக்குள் ஒரு புல்லைக்கூடப் பறிக்கச் சட்டம் விடாது. படம் போதும், ஆனால் பூவை மட்டும் எடுத்தால் போதாது. முழுச் செடி, இலையின் அடிப்புறம், தண்டில் இலை சேரும் இடம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம் என நான்கு படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் விரலை வையுங்கள். மண் ஈரமா, கசிவா, காய்ந்த சரிவா என்றும், மாதம் எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எரியோகாலான், புல், கோரை போன்றவற்றில் இந்தக் குறிப்பு இல்லாமல் நிபுணர்களே தடுமாறுவார்கள். ஆர்க்கிட் அல்லது ட்ரோசீராவாக இருந்தால் சரியான இடத்தை இணையத்தில் பொதுவாகப் போடாதீர்கள், தோண்டி எடுத்து விற்பவர்களும் அதைப் படிப்பார்கள்.